மெழுகில் தோய்த்த ரோசாப்பூ

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு. குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு முதல்நாள் மாலை. பீடத்தின் மேலே தொங்கிய கடதாசி ரோசாப்பூச் சரம் நானும் மனைவியும் செய்து விற்றது. சைவக்காரனான நான் கடைசி வரிசையில் தூணோடு ஒண்டி நின்று, சனம் சாமியைப் பார்க்கிறதா என் பூவைப் பார்க்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது சாதாரண ஆள் அல்ல. ரோசாப்பூவின் மாதிரித் தாளை, அதன்படி செய்து விற்கும் அனுமதியோடு பட்டினத்துக் கடையில் வாங்கியவன். அனுமதி என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிரும். நாங்கள் பூச் செய்யும் கிறேப் கடதாசிக்கு அனுமதி கினுமதி தெரியாது. ஈரம் பட்டால் சாயம் விடும். முந்திய திருநாளில் ஒரு தூறலுக்கே என் சிவப்புப் பூக்கள் தேரின் வெள்ளைத் துணியில் இரத்தம்போல வழிந்துவிட்டன. அதனால் இம்முறை ஒவ்வொரு பூவையும் உருக்கிய மெழுகில் தோய்த்தெடுத்தோம்.

"இஞ்சாருங்கோ, இனித் திரி ஒண்டுதான் குறை," என்றாள் மனைவி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கோயில் வேலை பார்க்கும் அண்ணை ஒருவர் பீடத்தில் மெழுகுதிரிகளை வரிசையாக ஏற்றியபோதுதான் அந்தப் பகிடி எனக்கு விளங்கியது. சூட்டில் இளகிய சரம் நடுவில் மெல்லத் தொய்ந்து வந்தது. நேர் கீழே சுடர்கள். கோயில் நிறையச் சனம், கைக்குழந்தைகளோடு பெண்கள். பூவென்று நான் தொங்கவிட்டது பீடத்து அகலத்துக்கு ஒரு மெழுகுதிரி. சரம் பற்றினால், அனுமதியோடு கோயிலைக் கொளுத்தியவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நெருப்பு என்று கத்தினால் வாசலில் சனம் மிதிபட்டுச் சாகும். ஓடினாலும் அதே கதைதான். எல்லோரும் முழந்தாளில் நின்ற நேரம், நானும் விழுந்து முழந்தாளாலேயே பீடத்தை நோக்கி நகர்ந்தேன்.

"விலகி இடம் விடுங்கோ, நேர்த்திக்கடன்," என்றாள் மீன் விற்கிற ஒருத்தி. "பாவம், மனுசன் அழுகுது."

சனம் பக்தியோடு வழிவிட்டது.

திரி ஏற்றிய அந்த அண்ணை பீடத்துப் படியில் நின்றார். அவர் காலைப் பிடித்தேன்.

"அண்ணை... பூ எல்லாம்... மெழுகு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பூ ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. வழிபாட்டில் அதுவும் ஒரு பகுதி என்பதுபோல நிதானமாக ஏறி, அந்தப் பூவை வெறுங்கையால் நசுக்கி, நடுத்திரிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பாட்டு நிற்கவே இல்லை.

சனம் கலைந்தபின் அவரிடம் போனேன். விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன.

"ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, அண்ணை."

"நான் ஏன் சொல்லுறன்? உந்தச் சரத்தைக் கழட்டிக்கொண்டு போம். உம்மடை நேர்த்தி பலிச்சிட்டுதுதானே."

இன்றும் குருநகர்ப் பக்கம் போனால், அன்று என்ன வேண்டுதல் என்று யாராவது கேட்பார்கள். என் கண் திறக்கவேண்டும் என்று வேண்டினேன் என்பேன். அது முழுப் பொய்யும் அல்ல. இப்போதெல்லாம் ஒரு பூ எங்கே தொங்கப்போகிறது என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன். என்ன கவனமான மனிதர் என்று சனம் புகழும்போது, அது கவனம் அல்ல, அன்று ஏறிய பயம் இன்னும் இறங்கவில்லை என்பது எனக்கும் அந்தக் கொப்பளித்த விரல்காரருக்கும் மட்டுமே தெரியும்.