ஓமக்காரியும் பிளாஸ்க்கும்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் வெள்ளைத்தாயின் முந்தியில் வறுத்த ஓமம் எப்போதும் முடிந்திருக்கும். மதியச் சோற்றுக்குப் பின் யாருக்கு வயிறு உப்பினாலும் அவளிடம்தான் வரவேண்டும். உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, உப்புக் கல்லோடு தருவாள். அதைத் தின்று கூட வேலை பார்க்கும் மாரிக்கண்ணன் விட்ட ஏப்பத்தில் நாரணாபுரம் கண்மாய்க் கொக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டன என்பாள். கொக்குகளைக் கேட்டவர் யாருமில்லை. ஓமக்காரி என்ற பேர் அவளுக்குக் கழுத்துச் சங்கிலியைவிடப் பெரிது.

2004 தீபாவளி சீசனில் புதிதாக வேலைக்கு வந்தாள் வேல்விழி, கையில் பெரிய பிளாஸ்க்கோடு. உள்ளே சுடச்சுடச் சீரகத் தண்ணீர். தீக்குச்சிகூடக் கொண்டுபோகக் கூடாத கம்பெனியில் சூடாக ஒரு வாய் கிடைத்தால் விடுவார்களா?

வெள்ளைத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டும் பொன்மணிகூட அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"என்னடி, ஓமம் கசந்திருச்சோ?"

"அதில்லக்கா, இது தொண்டைக்கும் இதமா இருக்கு."

வெள்ளைத்தாய்க்கு அன்றிரவுச் சோறு இறங்கவில்லை. காலையில் கேட்டில் சோதனை போடும் வாட்ச்மேன் செல்லச்சாமியிடம் போனாள்.

"ஏண்ணே, பீடியப் பிடுங்குறீக, கொதிக்கிற தண்ணிய உள்ள விடுறீக. ஆவி வெடிமருந்துல பட்டா என்னாகும்?"

செல்லச்சாமி அரண்டுபோனார். வேல்விழி வந்ததும் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார். "இது இங்கனயே இருக்கட்டும் தாயி. சாப்பாட்டு நேரத்துல வந்து குடிச்சுக்க."

அன்று வெள்ளைத்தாய் ஓமத்தைக் கூடுதலாகவே முடிந்திருந்தாள். மணி அடித்தது. ஒருத்தியும் வரவில்லை. தானே ஒரு சிட்டிகை மென்றாள். ஏப்பம் வந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

எட்டிப் பார்த்தால் கேட்டடி வேப்பமரத்தடியில் திருவிழா. உள்ளே வராத லோடு ஏற்றும் ஆட்கள்கூட டம்ளரோடு நின்றார்கள். கால்கள் தாமாக அவளை அங்கே கொண்டுபோயின.

"வா வெள்ளைத்தாயி," என்றார் செல்லச்சாமி, இரண்டாவது டம்ளரை உறிஞ்சியபடி. "நல்ல யோசனை சொன்ன. இங்கன வச்சதுலதான எல்லாருக்கும் கிடைக்குது."

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பிளாஸ்க்கை வாங்கி வைக்கச் சொன்னது யாரென்று வேல்விழிக்கும் விளங்கிவிட்டது. ஏனென்று கேட்பாள், இரண்டு வார்த்தை ஏசுவாள், பதிலுக்கு நாலு கொடுக்கலாம் என்று வெள்ளைத்தாய் காத்திருந்தாள்.

"குடிங்க மதினி," என்று டம்ளரை விளிம்புவரை நிரப்பி நீட்டினாள் வேல்விழி.

அதைத்தான் வெள்ளைத்தாயால் தாங்க முடியவில்லை. ஒரே மடக்கில் குடித்தாள்.

"வெறும் வெந்நி," என்றாள். டம்ளரைக் கீழே வைக்காமல் மறுபடி நீட்டினாள்.