கிணற்றுக்குள் அணைந்த விளக்கு

“ஆப்பசோடா கலக்கி வெளையாட்டு காட்டத்தான் காலேஜ் வரைக்கும் போனியா?” என்று கேட்டார், என் வகுப்பை எட்டிப்பார்த்த சித்தப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். அன்று ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, பொங்கிவந்த கண்ணுக்குத் தெரியாத காற்றை மெழுகுவத்தியின் மேல் சாய்த்தேன். சுடர் அணைந்தது. “பாழுங்கிணற்றிலும் இந்தக் காற்று தேங்கி நிற்கும். ஆளைக் கொல்லும்” என்றேன்.

அந்தக் கோடையில், பல வருடமாக யாரும் இறங்காத எங்கள் கிணற்றைத் தூர்வார சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். என்னிடம் படிக்கும் அவர் மகள் கலை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

“எறங்காதப்பா! அக்கா சொன்னாங்கல்ல, வெளக்க வுட்டுப் பாரு.”

“ஏன், கெணத்துக்குப் பொறந்தநாளா?” என்றார் சித்தப்பா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கலையின் கத்தல் கேட்டு ஓடிவந்த நான் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. சிரிப்பு நின்றுபோனது. உள்ளே ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சித்தப்பா படியில் வைத்த காலை எடுத்தார். கலையைத் தூக்கிக்கொண்டு, “எல்லாரும் அந்தாண்ட போங்க” என்றார்.

படித்தவள் என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அன்றிரவு ஒரு பயம் தூங்கவிடவில்லை. அந்தப் பாடத்தன்று கலை மாடு மேய்க்கப் போயிருந்தால்?

விடிந்ததும், வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாத முதல் வீட்டின் கதவைத் தட்டினேன்.