பச்சை பெயிண்டுக்கு அடியில் போன கோடு

செல்லமுத்து அண்ணன் போய்விட்ட செய்தியை இன்று காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகையில், நேற்று மாலை பஸ்ஸிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். அவர் படகில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டிவிட்டு ஆற்றுக்கு வந்தவர். பரிசல்களுக்கு நடுவே அவர் படகுக்கு மட்டும்தான் பின்னால் மோட்டார். 'தண்ணி லாரி டிரைவர்' என்று பெயர் வைத்தோம். "ஏனுங்கண்ணா, ஹாரன் இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "நீயொருத்தன் போதாதா சாமி, அக்கரை வரைக்கும் கேக்குதே!"

மோட்டார் படகுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று உத்தரவு வந்தபோதும் லாரிக்காரராகவே யோசித்தார். எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனைக்குப் போகும் லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்? படகையும் பச்சையில் குளிப்பாட்டிவிட்டார். மிதவைக்கு லாரி டியூப்களில் காற்றடித்துக் கட்டியிருந்தார். டியூப் தேறிவிட்டது. சோதிக்க வந்த அதிகாரி படகின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தார்.

"கோடு எங்கய்யா?"

ஆள் ஏறினால் படகு எதுவரை அமிழலாம் என்று காட்டும் வெள்ளைக் கோடு பெயிண்டுக்கு அடியில் போயிருந்தது.

"சொரண்டிக் காட்டட்டுங்களா?"

"சொரண்டினா கோடும் சேர்ந்து போயிரும். புதுசா அளந்து போடணும். அளக்கறவர் வர்ற வரைக்கும் படகு நகரக் கூடாது."

அளக்கிறவர் வரவேயில்லை. சங்கிலி போட்ட படகில் அண்ணன் தினமும் போய் உட்கார்ந்திருந்தார். சான்றிதழில்லாத படகை ஓட்டவும் முடியாது, வாங்கவும் ஆளில்லை. "லாரின்னா ரிவர்ஸ் எடுத்துருவேன் சாமி. இதுல எங்க போறது?" என்றார்.

காலாண்டுப் பரீட்சையின்போது வெள்ளம் வந்து பரிசலும் நின்றது. ஒரே ஒரு நடை என்று அண்ணனிடம் கெஞ்சினோம்.

"உங்கள்ல ஒருத்தன் தண்ணிக்குள்ள போயிட்டா, நான் எந்த ஊட்டு வாசல்ல போயி நிக்கறது?"

நேற்று அவருக்கே நெஞ்சுவலி. அந்த வெள்ளம் இன்னும் வடியவில்லை. படகில் போனால் ஆஸ்பத்திரி எதிர்க்கரைதான். அண்ணன் மனைவி சங்கிலிச் சாவியைக் கொடுத்தார்கள். சங்கிலியை அவிழ்த்து மாற்றி மாற்றி மோட்டார் கயிற்றை இழுத்தோம். அது அவர் கைக்கு மட்டுமே கிளம்பும் மோட்டார். கரையில் படுத்திருந்தவர், "வுடுங்க சாமி, பஸ்ஸுலயே போயிக்கலாம்" என்றார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, அந்தக் கயிறு உள்ளங்கையில் எழுப்பிய கொப்புளம்தான். அது காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.