பனகல் பார்க்கில் ஒரு மகாராணி

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி. நகர் போனேன். ஆட்டோக்காரரிடம் பனகல் பார்க் வாசலில் இறக்கிவிடச் சொன்னேன். "இதான் மேடம் பார்க்கு" என்று அவர் காட்டிய இடத்தில் மெட்ரோ வேலைக்காக நட்ட தகரத் தடுப்புதான் நின்றது. அதற்கு மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கைகால் பரபரத்துவிட்டது. புடவையாவது ஒன்றாவது! தகரத்தை ஒட்டியே பார்க்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். உள்ளே எது எங்கே இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. துணிக்கடை வேலைக்காக அப்பா எங்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்து, எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் ஒற்றை அறையில் வைத்திருந்தார். அந்த அறைக்குள் காற்று வர யோசிக்கும். அதனால் சாயங்காலம் ஆனதும் எட்டுக் குடித்தனமும் பார்க்கில்தான்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வாசனை. ரப்பர் குழாயில் தண்ணீர் விட்ட புல்லும், வெளியே மணலில் வறுபடும் வேர்க்கடலையும் சேர்ந்த வாசனை. இப்போது எழுதும்போதே நாக்கு ஊறுகிறது, பாருங்கள். கொஞ்சம் தள்ளித் தாமரைக் குளம். அதைத் தாண்டி ரேடியோ ரூம். ஆமாம், பார்க்குக்கென்று ஒரு ரேடியோ இருந்தது! மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே ஊரே உட்கார்ந்து செய்தி கேட்கும். அந்த ரூமின் சாவி தோட்டக்காரர் முனுசாமியின் இடுப்பில். அவர் மகள் கஸ்தூரி என் வயதுக்காரி, என் உயிர். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து தினமும் அப்பாவோடு நடந்து வருவாள்.

அம்மா பட்டணத்து வெயிலைப் பொறுத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மெட்ராஸ் பாஷையை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நான் வாய் தவறி, "சாம்பார் சோக்கா கீதும்மா" என்றுவிட்டேன். அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"ஏட்டி, இன்னொரு தரம் இந்தப் பேச்சு உன் வாயில வந்துது, பார்க்குப் பக்கமே போவக்கூடாது. அந்தப் பிள்ளகூட சேர்க்கையும் கிடையாது. சொல்லிட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து வீட்டுக்குள் வாயை அளந்து திறந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு சரித்திர நாடகம். அதில் மகாராணி யார் தெரியுமா? சாட்சாத் நான்தான்! அழகுக்காக இல்லை, தொண்டைக்காக. "ரேடியோல மூஞ்சி தெரியாதுடி" என்று டீச்சரே ஆறுதல் சொன்னார்.

ஒத்திகை முழுக்க பார்க்கில்தான். ஒரு பெஞ்சுக்கு ஒரு வசனம் என்று பார்க்கைச் சுற்றி வருவோம். ராஜாவும் மந்திரியும் கஸ்தூரி. நான் படிக்கக் கேட்டே மொத்த நாடகத்தையும் அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். குளத்தங்கரை பெஞ்சில் என் பெரிய வசனம்: "என்ன இது! யார் செய்த சூழ்ச்சி?" அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கஸ்தூரி எழுந்து நின்று செய்து காட்டுவாள். "இன்னா இது! யாரு செஞ்ச சூய்ச்சி?" இரண்டு பேரும் புல்லில் விழுந்து புரண்டு சிரிப்போம். ஒரு வாரம் இதே கூத்து.

ஒலிப்பதிவு அன்று கடற்கரைச் சாலை வானொலி நிலையத்தில் ஏ.சி. அறை. வாழ்க்கையில் முதல் ஏ.சி. பல் தந்தியடித்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, கம்பீரமாக முழங்கினேன்: "இன்னா இது! யார் செய்த சூழ்ச்சி?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். முடிந்ததும், "சார், இன்னொரு தடவை பேசட்டுமா?" என்று கெஞ்சினேன். "வேண்டாம்மா, ரொம்ப இயல்பா இருக்கு. இருக்கட்டும்" என்றுவிட்டார். மகாராணிக்கு இயல்பு எதற்கு! சனிக்கிழமை ஒலிபரப்பு. அம்மா கேட்டால் பார்க்கும் போச்சு, கஸ்தூரியும் போச்சு.

மாடியில் வீட்டுக்காரரிடம் ரேடியோ இருந்தது. அங்கே என்றால் கரெக்டான நேரத்தில் இருமியாவது சமாளிக்கலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாடியில நாலு பேரு கேப்பாங்க. பார்க்குல ஊரே கேக்கும்லா?" என்று நேரே முனுசாமியிடம் போய்விட்டாள்.

"அண்ணாச்சி, எங்க பிள்ள ரேடியோல பேசுதா. சத்தத்தக் கூட்டி வையுங்க."

"நீ கவலயே படாத தங்கச்சி. மாம்பலம் டேசன் வரிக்கும் கேக்கும்!"

கரண்ட் போக வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. போகவில்லை. சனிக்கிழமை அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். எட்டுக் குடித்தனமும் ஆஜர். கடலைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். என் பெயரைச் சொன்னதும் ஒரே கைதட்டல். கஸ்தூரி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது! யார் செய்த சூழ்ச்சி?" என்று மரம் அதிர்ந்தது.

அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பார்க்கே குலுங்கியது. "மகாராணி நம்ம பேட்டடா!" என்று யாரோ கத்தினார்கள். முனுசாமி ரூமை விட்டு ஓடி வந்து, "பாத்தியா, நம்ம பாஷ ரேடியோலயே வந்துட்ச்சி!" என்று குதித்தார். எட்டுக் குடித்தனமும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

அம்மா எழுந்து நின்றாள்.

"இதுல சிரிக்கதுக்கு என்ன இருக்கு? அது எங்க ஊரு இன்னா. 'இன்னா வாரேன்'னா இதோ வாரேன்னு அர்த்தம். 'இன்னா இது, யாரு செஞ்ச சூழ்ச்சி'ன்னு ராணி கையக் காட்டிக் கேக்கா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிஜம்தான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அடுப்படியிலிருந்து "இன்னா வாரேன்" என்பாள். காதில் விழுந்து விழுந்து அது ஒரு வார்த்தை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

முனுசாமி விடுவாரா? "இல்ல தங்கச்சி, இது எங்க இன்னா." "எங்க இன்னா அண்ணாச்சி!" "எங்க இன்னாம்மா!" இரண்டு பேரும் வழக்காடிய சத்தத்தில் என்னுடைய மிச்ச வசனத்தை யாருமே கேட்கவில்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன்: "நாளைக்குப் பார்க்குக்குப் போகட்டுமாம்மா?"

"போ. ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கா சொல்லிக்குடு. சூழ்ச்சிய சூய்ச்சிங்கா."

அடிப்பாவி அம்மா! அப்படியென்றால் ஒரு வாரமாக எங்கள் ஒத்திகையை எங்கேயோ மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

ரேடியோ ரூம் மெட்ரோ வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது கஸ்தூரியும் போனாள். விலாசம் கேட்டுவைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு இல்லை. அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. நான் வேலைக்காக நாலு ஊர் சுற்றி, யாரும் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அம்மா ஒரு இன்னா வைத்திருந்தாள், கஸ்தூரி ஒரு இன்னா வைத்திருந்தாள். என்னை யாராவது கூப்பிட்டால் "என்ன?" என்கிறேன். திரும்பக் கூப்பிட்டால் "இதோ வரேன்" என்கிறேன்.