வயரைச் செருகுமுன் ஒரு மூச்சு

"கண்ணை மூடிக்கொண்டிருந்தா வேலை நிலைக்குமோடி? நல்லூர்க் கோயிலிலைகூட நீ கண்ணை மூடிக் கும்பிட்டதை நான் காணேல்லை. செருப்பைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீ" என்றார் இராசம் அக்கா. அவர் என் பெரியம்மாவின் மகள். எனக்கு முன்பே லண்டனுக்கு வந்தவர். அவருடைய வீட்டு மேல் அறையில்தான் நான் இருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் கட்டிலில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்த என்னை, தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து கண்டுவிட்டார். தியானம் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதையும் பக்தியால் தொடங்கவில்லை, பயத்தால் தொடங்கியிருந்தேன்.

இங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் எனக்கு வேலை. முன்னால் நிறையச் சின்ன விளக்குகள். ஒன்று எரிந்தால் ஒரு வயரைச் செருகி, பேசுபவர் கேட்பதைக் கேட்டு, இன்னொரு வயரை உரிய வார்டின் துளையில் செருகவேண்டும். ஒரு முகத்தையும் காணாமல் நாள் முழுக்க மனிதர்களோடு கதைக்கும் வேலை. இதில் நான் கெட்டிக்காரி என்றே நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலுள்ள என் ஊரான கரம்பொனில், எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தெற்கே கடை வைத்திருந்த ஆண்களிடமிருந்து வரும் கடிதங்களை அயலார் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன். அநேகமாகச் சரியாகவே இருக்கும். பள்ளிக்கூடத்திலும் கேள்வி முடியமுன் கை தூக்குவது நான்தான். அந்தக் கெட்டித்தனத்தை அப்படியே லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு காலை, இளம் குரலில் ஒருவர், "என் மனைவியை நேற்றுக் கொண்டுவந்தார்கள்..." என்று தொடங்கினார். அன்று அதுவரை அப்படித் தொடங்கிய எல்லோரும் புதுத் தகப்பன்மார். அவர் முடிக்கமுன் பிரசவ வார்டில் வயரைச் செருகிவிட்டேன். அங்கிருந்த தாதி உற்சாகமாக, ஆண் குழந்தையா, பெண் குழந்தையா எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவருடைய மனைவி வீதி விபத்தில் அடிபட்டுச் சத்திரசிகிச்சை வார்டில் கிடந்தாள். பின்பு அவள் சுகமாகி வீடு போனாள் என்று அறிந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எங்கள் மேற்பார்வையாளர் மிஸிஸ் ஹார்ட்லி சத்தம் போடவில்லை. "நீ வேகமானவள். ஆனால் நீ கேட்பதில்லை. மாத முடிவில் உன்னை வைத்திருப்பதா என்று சொல்கிறேன்" என்றார். என்னுடைய வேலை அனுமதி அந்தக் கதிரையோடு கட்டப்பட்டது; அது போனால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். கரம்பொனுக்குத் திரும்பிப் போவது எனக்கு வெட்கமில்லை. வேலையிலிருந்து விலக்கி அனுப்பப்பட்டவளாகப் போவதுதான் வெட்கம்.

அந்த வாரம் நூலகத்து அறிவிப்புப் பலகையில் தியான வகுப்பு என்று கண்டு போனேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் காலுறையோடு தரையில் இருந்தார். "நீங்கள் சிறுவயதிலிருந்தே இதைச் செய்திருப்பீர்களே?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத நான், ஆம் என்று நிமிர்ந்து சொன்னேன். உண்மையில் எங்கள் வீட்டில் பகலில் கண்ணை மூடி இருந்தால் அம்மா "தலையிடியோ?" என்றுதான் கேட்பா. தியானம் சாமிமாருக்கு. எங்களுக்கு ஆடும் கோழியும் பள்ளிக்கூடமும். அவர் என்னை முன்னுக்கு இருத்தினார். மற்றவர்கள் முழங்கால் நோவில் நெளிந்தார்கள். தரையில் இருந்து சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது ஒரு பொருட்டேயில்லை. என் முழங்கால் எல்லோரையும் ஏமாற்றியது. மனமோ ஒரு நிமிடம் நிற்கவில்லை.

நினைவு வந்தால் துரத்தாதீர்கள், அதை முடித்துவைக்காதீர்கள், மூச்சுக்குத் திரும்புங்கள் என்றார் அவர். அப்போதுதான் கண்டேன், எந்த நினைவு தலைகாட்டினாலும் நான் ஓடிப்போய் அதன் முடிவை எழுதிவிடுகிறேன். ஊரில் பங்குனி வெயிலில் எங்கள் நன்னீர்க் கிணற்றின் அடியில் சில வாளித் தண்ணீர்தான் இருக்கும். இழுத்து இழுத்து அள்ளினால் உவர் ஏறிவிடும். அதனால் பெண்கள் கொஞ்சம் அள்ளிவிட்டுக் கயிற்றைத் தொடாமல் காத்திருப்பார்கள். நான் வாளியில் கை வைத்தால் அம்மா, "பொறடி, ஊறட்டும்" என்பா. படிக்காத அம்மாவுக்குத் தெரிந்தது படித்த எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளச் சில நாள் எடுத்தது.

பலகையில் இப்படிச் செய்தேன். விளக்கு எரிந்ததும் ஒரு மூச்சை முழுதாக விட்டபின் வணக்கம் சொல்வேன். அவர்கள் நிறுத்தியபின்னும் ஒரு மூச்சு. அதன் பிறகுதான் வயர். முதல் நாள் விளக்குகள் குவிந்துவிட்டன. பக்கத்துக் கதிரை ஐரிஷ்காரி மேரி, "என்ன தூக்கம்? நேற்று டான்ஸுக்குப் போனாயா?" என்று சீண்டினாள். ஆனால் பிழையான வார்டுக்குப் போய்த் திரும்பிவரும் அழைப்புகள் நின்றுபோயின. வேலை குறைந்தது, கை வேகம் தானே வந்தது. "இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது கொடு" என்று அதட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு அது வீடுவரை என்னோடு வந்து எரியும். இப்போது பஸ் ஏறமுன் போய்விடுகிறது. எப்போதும் அல்ல, அநேகமாக. ஊரில் கந்தோரிலும் கடையிலும் வேலை செய்கிற சகோதரிகளுக்கு நான் இவ்வளவுதான் சொல்வேன். தியானத்தால் அட்டமாசித்தி ஒன்றும் கிடைக்காது. பிறர் சொல்வது காதில் விழும்.

மாத முடிவில் மிஸிஸ் ஹார்ட்லி என் அருகில் இருந்து என் அழைப்புகளைக் கேட்டார். ஒரு கிழவி தன் பூனையில் தொடங்கி, பேரனுக்குப் போய், கடைசியில்தான் தனக்கு வேண்டிய வார்டைச் சொன்னாள். நான் காத்திருந்து செருகினேன். மிஸிஸ் ஹார்ட்லி நிரந்தர நியமனப் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

அந்த வாரமே வகுப்பில் உண்மையைச் சொன்னேன், இங்கே வருமுன் ஒரு நாளும் நான் தியானம் செய்ததில்லை என்று. அதைக் கீழைத்தேசத்து அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள். எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை.

படிவத்தில் ஒப்பமிட்ட அன்று ஊருக்குப் பேச ஒரு ட்ரங்க் கோலும் பதிந்தேன். வருகிற வியாழன் எனக்கு லீவு. அன்று பின்னேரம் கரம்பொனுக்குக் கிட்ட உள்ள ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் வந்து நிற்கும்படி அம்மாவுக்கு எழுதிவிட்டேன். லண்டன், கொழும்பு, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை என்று நாலு இடத்தில் யாரோ நாலு பேர் வயரைச் செருகினால்தான் நாங்கள் இருவரும் ஒரு கோட்டில் வருவோம். அன்று எரியப்போகும் விளக்கு என்னுடையது. "எப்ப பிள்ளை வாறாய்?" என்றுதான் அம்மா தொடங்குவா என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்பென்றால் அவ முடிக்கமுன் மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன். இம்முறை அம்மா கேட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று, வழக்கமான மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஆறு நிமிடம் பதிந்திருக்கிறேன்.