மடித்த இறக்கை

நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனிகள் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வாசம் வந்துவிடுகிறது. அச்சடித்த பனியனைச் சூட்டில் காயவைக்கும் வாசம். பாதி மண்ணெண்ணெய், பாதி அடிப்பிடித்த பால். மூக்கில் ஏறி நெஞ்சில் வந்து உட்காரும். நெஞ்சில் எந்த இடம் என்றுகூட என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். ஒரு விமானத்தின் வயிறு இருந்த இடம் அது.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் தங்கி ஒரு பனியன் கம்பெனியில் புது மாடல்களுக்குச் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்தார். சிறுபிள்ளைகளுக்கு எது தைத்தாலும் முதலில் என் உடம்பில் மாட்டித்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, வீட்டில் செல்லமாக அம்மிணி. கம்பெனியில் நான் வெறும் 'சைஸ் செவன்'.

அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து ஆர்டர் கொடுக்கும் வயசான பையர் ஒருவர் வந்தார். கையில் பழைய வரைபடம் ஒன்று, போட்டோ இரண்டு. அவருடைய அப்பா பிரிட்டிஷ் கப்பற்படைக்கு விமானம் வரைந்தவராம். கப்பலின் முதுகிலிருந்தே கிளம்பி, வயிற்றடியில் கட்டிய டார்ப்பிடோவைக் கடலில் போட்டுவிட்டு, அதே கப்பலுக்குத் திரும்பும் விமானம். அப்பா வரைந்ததைப் பிள்ளைகளின் பனியனில் பார்க்க வேண்டுமென்று மகனுக்கு ஆசை. பையர்களோடு இங்கிலீஷில் பேசும் எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். அந்த விமானத்துக்கு எலும்புதான் இரும்பு. தோல் முழுக்கத் துணி.

செக்கிங் மேஜைப் பெண்கள் விடுவார்களா?

"துணி ப்ளேனுங்களா? மழை பேஞ்சா சாயம் போகாதுங்களா?"

"சாயங்கூடப் போகட்டும். சுருங்கிக் குருவியாட்ட ஆயிப்போச்சுன்னா?"

மாமா மட்டும் சிரிக்கவில்லை. துணி என்று கேட்டதுமே அது தன் கத்தரிக்கு அகப்படும் பொருள் என்று நினைத்துவிட்டார். நினைக்க வேண்டிய நிலைமையும் இருந்தது. மடத்துக்குளத்திலிருந்து அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, தென்னந்தோப்பைப் பார்க்க ஆளில்லை, பையனை அனுப்பிவிடு என்று அம்மாவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த டிசைன் தேறினால் மாமாவை டிசைனராகவே வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். தேறாவிட்டால் தோப்பு.

எங்கள் வீட்டுத் தரையெல்லாம் பழுப்புக் காகிதம். ஏழு வயது நெஞ்சின் அகலத்துக்குள் அந்த இறக்கை அடங்க மறுத்தது. இறக்கைக்காகச் சின்னதாக்கினால் விமானம் கொசுவாகிப்போனது. விமானத்தைப் பெரிதாக்கினால் இறக்கை என் அக்குளுக்குள் போய் முட்டியது. மூன்று நாள் அழித்து அழித்து வரைந்தவரைப் பார்த்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "பனியனுக்குக் கையப் பின்னால மடிச்சுத்தான கவருக்குள்ள போடறோம். இதுக்கும் மடியேன் தம்பி."

மாமா இரண்டாவது போட்டோவைப் பாய்ந்து எடுத்தார். இறக்கை முறிந்து விழுந்துகிடக்கும் விமானம் என்று அதுவரை ஓரமாகப் போட்டிருந்த போட்டோ. முறியவில்லை. இரண்டு பக்கமும் பின்னால் மடிந்து, உடம்போடு ஒட்டி, கப்பலின் குறுகிய அறைக்குள் ஒடுங்கி நின்றது.

"அக்கா, அந்த மனுசனும் மடிச்சுத்தான் வெச்சிருக்காரு!"

விமானம் வரைந்த, தான் பார்த்திராத அந்த ஆளிடம், பக்கத்து மேஜைக்காரரிடம் பேசுவதுபோல், மாமா ராத்திரி முழுக்க என்னவோ பேசிக்கொண்டே வரைந்தார்.

காலையில் நான் கேட்டேன், வயிற்றடியில் தொங்குவது என்னவென்று. தண்ணிக்குள் போய்க் கப்பலை உடைக்கும் என்றார். அந்தக் கப்பலில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்றேன். மாமா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பார்த்தபோது டார்ப்பிடோ இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. "கொழந்தைக போடறது" என்றார், நான் கேட்காமலே.

பையர் வந்த நாளில் அந்தச் சூடு ஆறாத பனியனோடு என்னை ஒரு ஸ்டூலின்மேல் நிறுத்தினார்கள். மடித்த இறக்கையைப் பார்த்ததும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் பின்னால் மடக்கி, கோழிபோல் ஓரடி நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் நின்றது. மெதுவாக என்னவோ கேட்டார்.

"போயிப் போட்டுட்டு வந்த ப்ளேனா, இன்னும் போகாத ப்ளேனான்னு கேக்கறாருங்க" என்றார் மெர்ச்சண்டைசர்.

மாமா கைகட்டி நின்று, பணிவாக, எங்கள் ஊர் வழக்கப்படி சொன்னார்:

"ஆமாங்க."

பெரியவர்கள் கேட்டால் முதலில் ஆமாங்க என்போம். கேள்வி பிறகுதான் காதில் விழும். ஆனால் இரண்டில் ஒன்று கேட்டவருக்கு ஆமாங்க என்பதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? மெர்ச்சண்டைசர் மாமாவைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். எதை என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். பனியனைக் கழற்றித் தரச் சொல்லி, கைகளைப் பின்னால் மடித்து, எங்கள் பேக்கிங் பெண்களைவிட அழகாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆர்டர் வரவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை. நான் கேட்ட கேள்வியால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரு நாளும், டார்ப்பிடோவை எடுத்தது நல்லதுதானே என்று மறுநாளும் நினைத்தேன். எடுத்துவிட்டால் அது இல்லாமலே போய்விடும் என்பது ஏழு வயதுக் கணக்கு. காலி வயிறு, இன்னும் சுமக்காதவளுக்கும் உண்டு, பெற்று முடித்தவளுக்கும் உண்டு என்று அப்போது யார் எனக்குச் சொல்வார்கள்? அந்தக் கிழவர் தன் அப்பாவைப் பற்றி இரண்டில் எதை நம்பிக்கொண்டு வாழ்ந்தாரோ, எந்தப் பதிலுக்குக் கண்ணாடியைக் கழற்றினாரோ.

ஒரு மாதம் கழித்து அப்புச்சியே வந்துவிட்டார். பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் துணிப்பை, பைக்குள் கத்தரி. பஸ் உறுமியது. நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

"மாமா, அது போயிட்டு வந்த ப்ளேனா, போகாத ப்ளேனா?"

மாமா ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி என் தலையைத் தொட்டார்.

"ஆமாங்க அம்மிணி."