தோளைத் தட்ட ஓர் ஆள்

குவீன் மேரி கப்பல் முதன்முதலில் தண்ணீரில் இறங்கியதை நேரில் கண்டவள் என்று என்னைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள். உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பேன். பிறகு உண்மையைச் சொல்வேன். ஸ்காட்லாந்தில், கப்பல் கட்டும் கிளைட்பேங்க் யார்டில், கூட்டத்தை மறித்துக் கட்டிய கயிற்றை ஒட்டி முன்வரிசையில்தான் நின்றேன். அத்தனை பெரிய கப்பல் என் மூக்குக்கு நேரே போயிற்று. நான் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் அதன் அடியில் இருந்தது. அங்கேதான் என் வீட்டுக்காரர் இருந்தார்.

ஹியூ கில்கிறிஸ்ட் கப்பல் தச்சர். மீசை முளைக்கும் முன்பே யார்டுக்குள் போனவர். இரும்புத் தகடுகளில் ஆணி அறைகிறவர்களுக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் வேலை. அந்த இடியில் யாருக்குத்தான் காது மிஞ்சும்? வீட்டில் உப்பு வேண்டுமா என்று கேட்கக்கூட அவர் முகத்துக்கு நேரே போய் நிற்பேன்; என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். முதுகுக்குப் பின்னால் இஷ்டத்துக்குத் திட்டிக்கொள்ளலாம். எனக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

நடுவில் பணமில்லை என்று அந்தக் கப்பலைப் பாதியில் போட்டுவிட்டார்கள். எங்கள் கூரைகளுக்கு மேலே அது துருப்பிடித்து நின்றது. கீழே ஊரே வேலையில்லாமல் நின்றது. மறுபடி யார்டின் கேட்டைத் திறந்த அன்று ஹியூ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்ஸ்பெத், காது விஷயத்தை வெளியில மூச்சு விட்டுடாதே. கேட்டுக்கு வெளியே என் இடத்துக்கு நூறு பேர் காத்துக்கிட்டு நிக்கிறான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கப்பலை இறக்கும் நாள் வந்தபோது ஹியூவை அடியில் போகும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள். கப்பலைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துக் கழற்ற வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட வேண்டும். அப்புறம் கப்பல் சரியும்; வேகத்தைக் குறைக்கக் கட்டிவிட்ட இரும்புச் சங்கிலிகளையும் குவியல் குவியலாக இழுத்துக்கொண்டு போகும். இடையில் மாட்டுகிறவனின் உடம்புகூடக் கிடைக்காது.

"விசில் உனக்கு எப்படிய்யா கேக்கும்?" என்று கேட்டேன்.

"வாட்டி பக்கத்துல இருப்பான். யாருக்கு முதல்ல கேக்குதோ அவன் மத்தவன் தோளைத் தட்டறதுன்னு பேசியாச்சு."

"அவன்கிட்ட காது விஷயத்தைச் சொன்னியா?"

"சொல்லுவேனா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். அவனும் சரின்னுட்டான். போ, சூப் அடிப்பிடிக்குது."

வாட்டி பர்டி அவரோடு ஜோடியாக வேலை செய்கிறவர். நிதானமான மனிதர், குடித்துவிட்டு வேலைக்கு வந்ததே கிடையாது. அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஒரு வாய் ரொட்டி ஒழுங்காக இறங்கவில்லை.

அன்று மழையென்றால் அப்படி ஒரு மழை. வாட்டியின் மனைவி நெட்டா என் பக்கத்தில் நின்றாள். புதுத் தொப்பியின் இறகு நனைந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. ராஜாவும் ராணியும் மேடைக்கு வந்துவிட்டார்கள் என்று கூட்டம் எக்கியது. நான் கப்பலுக்கு அடியில் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைகளை அடிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"உங்க ஆள் பக்கத்துல இருக்கறதாலதான் எனக்கு உசிரு நிக்குது எல்ஸ்பெத்," என்றாள் நெட்டா.

"ஏன்டி?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வாட்டிக்குச் சுத்தமா காது கேக்காது. வேலை போயிடும்னு மறைச்சு வெச்சிருக்கோம். விசில் ஊதினா ஹியூதான் தோளைத் தட்டணும்."

"அடிப்பாவி! ஹியூவுக்கும் கேக்காதுடி!"

அவள் முகத்தில் ரத்தம் செத்துவிட்டது. இருவரும் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்தோம். போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"கீழே எங்க வீட்டுக்காரங்க இருக்காங்க!"

"இங்க நிக்கிற பாதிப் பேரோட வீட்டுக்காரங்க கீழேதான் இருக்காங்க. விசில் ஊதினா வந்துடுவாங்க. பின்னால போங்க."

"வாட்டி! வாட்டி!" என்று நெட்டா அலறினாள்.

"கத்தி என்னடி பிரயோஜனம்? காது இருந்தா நாம ஏன் இங்க முட்டிக்கிட்டு நிக்கப்போறோம்?"

அப்போது விசில் ஊதியது. பாழாய்ப்போன என் காதில் அது நன்றாகவே விழுந்தது. இருட்டிலிருந்து ஆட்கள் குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவரில்லை. இவருமில்லை. பிறகு யாருமே வரவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ பேச்சு வந்தது, கூட்டம் ஆரவாரித்தது. அந்த இரும்புச் சுவர் மெல்ல நகர ஆரம்பித்தது.

சங்கிலிகள் கிளம்பியதும் காலடியில் தரை உதறியது. அந்த மழையிலும் துருப்புழுதி சிவப்பாக எழுந்து எல்லாவற்றையும் மூடியது. நெட்டா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடவுளே, இந்த மனுஷனைத் திருப்பிக் கொடு, இனி முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

புழுதி அடங்கியது. இத்தனை வருடமாகக் கப்பல் மறைத்துக்கொண்டிருந்த அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அங்கே மூன்று பேர் நின்றார்கள். நடுவில் மேஸ்திரி மக்ஃபெயில். ஒரு கையில் ஹியூவின் காலர், இன்னொரு கையில் வாட்டியின் காலர். சுற்றிக்கொண்டு எங்களிடம் இழுத்து வந்தார்.

"கூட்டிட்டுப் போங்கம்மா உங்க மாப்பிள்ளைகளை! எல்லாரும் ஓடியாச்சு, இதுங்க ரெண்டும் ஒண்ணு தோள்ல ஒண்ணு கையைப் போட்டுக்கிட்டு, கல்யாண வீட்டுல ஆட நிக்கிற மாதிரி நிக்குதுங்க. ஆளுக்கு ஒரு உதை விட்டு அந்தப் பக்கமா வெளியே தள்ளினேன்."

போச்சு, விஷயம் தெரிந்துவிட்டது, வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். நெட்டா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். "மேஸ்திரி, வேலையை மட்டும் எடுத்துடாதீங்க..."

"என்னம்மா? குனிஞ்சுக்கிட்டுப் பேசினா எப்படி? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நெட்டா நிமிர்ந்தாள். மேஸ்திரி அவள் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெட்டாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"விசிலாம் விசில்," என்று முனகினார் அவர். "மேடையில நிக்கிற பெரிய மனுஷங்களுக்கு வேணும்னா அது உதவும். நான் எப்பவும் ஒவ்வொருத்தனா எண்ணித்தான் வெளியே அனுப்பறேன்." தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதுகுக்குப் பின்னால் திட்டுவதில்லை என்று வேண்டியிருந்தேன் அல்லவா? வீடு வரைக்கும் ஹியூவுக்கு முன்னால் பின்புறமாகவே நடந்து, ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும்படி திட்டிக்கொண்டே போனேன். அவர் தலை முதல் கால் வரை துரு. கன்னத்தில் மட்டும் இரண்டு வெள்ளைக் கோடு.

"எல்ஸ்பெத், அந்தச் சங்கிலிச் சத்தம்! எனக்குக் கேட்டுச்சுடி. நிஜமா கேட்டுச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு வருடமாக அந்தக் கப்பலை வெறும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெயரை அன்றைக்கு மேடையில் சொல்லும்வரை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

"ஆமா, என்ன பேர் வெச்சாங்க?" என்று ஆசையாகக் கேட்டார்.

அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்திச் சொன்னேன்: "தெரியலைய்யா. எனக்குக் கேக்கலை."